முகா: காட்டை நம்பி நிற்கும் பட்டு

இந்தியாவில் விளையும் கச்சாப் பட்டில் அசாமின் பொன்னிறப் பட்டான முகாவின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. 2022-23ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி 36,582 டன். அதில் முகா 261 டன். ஆனால் இந்தச் சிறு கணக்கைக் கூடுகளாக மாற்றிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஒரு கிலோ முகா நூலுக்குச் சுமார் 5,000 கூடுகள் வேண்டும். அப்படியானால் அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 130 கோடிக் கூடுகள் நூலாகியிருக்கின்றன. ஆண்டுக்கு 130 கோடி என்று பெருகும் ஒரு பூச்சியை அரிய இனம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அது அரிய இனம்தான் என்று நான் சொல்ல வருகிறேன். பிரம்மபுத்திராக் கரைத் தோப்புகளில் மனிதர் வளர்க்கும் முகாவும் மேகாலயாவின் காரோ மலைக்காட்டில் தானாக வாழும் முகாவும் அறிவியல் பெயரால் ஒன்று. வரலாறு அவற்றை இருவேறு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. தோப்புப் பூச்சியின் பெருக்கம் காட்டுப் பூச்சியின் அருகலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. இந்தப் பட்டுத்தொழில் தொடக்கம் முதல் காட்டுப் பூச்சியின் மேல் சாய்ந்தே வளர்ந்தது. அந்தச் சாய்மானத்தை மறந்துவிட்டு இனிமேல் அதனால் நெடுநாள் நிற்க முடியாது.

தொழிலின் தொன்மையை மிகைப்படுத்திச் சொல்வது எளிது. காமரூப மன்னன் பாஸ்கரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷருக்கு அனுப்பிய பரிசுகளில் பட்டாடைகள் இருந்ததாகப் பாணபட்டர் எழுதுகிறார். அது முகாவாக இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல அந்த வருணனை போதாது. கொஞ்சம் திடமான தரை கிடைப்பது அகோம் ஆட்சியில்தான். 1228இல் சுகாபா தொடங்கிவைத்த அந்த அரசு ஏறத்தாழ 600 ஆண்டுகள் நீடித்தது. அதன் அவையில் முகா மதிப்பின் அடையாளமாக இருந்தது. மெஜாங்கரி என்ற மரத்தின் இலையைத் தின்று வளர்ந்த புழுவின் நூல் பொன்னிறம் குறைந்து வெண்மை சார்ந்து வரும். அதை உயர்குடியினர் தனியாக விரும்பி உடுத்தினர். பதினேழாம் நூற்றாண்டில் பிரதாப சிங்கனின் ஆட்சியில் மோமாய் தாமுலி பர்பருவா என்ற அதிகாரி, வீட்டுக்கு வீடு பெண்கள் மாலைக்குள் இவ்வளவு நூல் நூற்றாக வேண்டும் என்று விதித்ததாகவும், சுவால்குச்சியை நெசவாளர் ஊராக அமைத்ததாகவும் அசாமிய மரபு சொல்கிறது. சுவால்குச்சி இன்றும் நெசவூர்தான். அதே நூற்றாண்டில் தாக்கா வரை வந்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, அசாமைப் பற்றித் தாம் கேட்டறிந்ததை எழுதும்போது, ஆண்டு முழுவதும் மரங்களிலேயே இருக்கும் பூச்சியிலிருந்து அங்கே பட்டெடுக்கிறார்கள் என்று குறிப்பிட்டார். அவருக்கு வியப்பாக இருந்தது அந்த ஒரு செய்திதான்: பட்டுப்புழு வீட்டுக்குள் இல்லை, மரத்தில் இருக்கிறது.

என் வாதத்துக்கும் அதுதான் அடித்தளம் என்பதால் வளர்ப்பு முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கூட்டிலிருந்து வெளிவரும் ஆண்பூச்சி செம்பழுப்பு நிறம். பெண் அதைவிடப் பெரியது, மஞ்சள் கலந்த பழுப்பு. இரண்டின் இறகுகளிலும் கண்போன்ற வட்டங்கள் உண்டு. வாயுறுப்பு வளர்ச்சி பெறாததால் பூச்சி எதையும் உண்பதில்லை. புழுப் பருவத்தில் சேர்த்துவைத்ததைக் கொண்டு சில நாள் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். இணைந்த பெண்பூச்சியை உலர்புல் கற்றையால் செய்த கொரிகா என்ற சிறு பிடியில் இறகோரம் நூலால் கட்டிவைப்பார்கள். அது நூற்றைம்பது முதல் இருநூற்றைம்பது முட்டை வரை அந்தப் புல்லிலேயே ஒட்டிவிடும். பொரிக்கும் தறுவாயில் கொரிகாவைச் சோம் மரத்திலோ சோவாலு மரத்திலோ தொங்கவிடுகிறார்கள். குஞ்சுப் புழுக்கள் பட்டையில் ஏறி இளந்தளிரைத் தேடிப் போகின்றன. புழு அடிமரம் வழியாக இறங்கி ஓடிவிடாதபடி மரத்தைச் சுற்றி வாழையிலைப் பட்டை கட்டுவார்கள். ஒரு மரத்தின் இலை தீர்ந்ததும் புழுக்கள் கீழ்நோக்கி வரும். முக்கோண வடிவ மூங்கில் தட்டில் அவற்றை எடுத்து அடுத்த மரத்தில் மாட்டிவைப்பார்கள். நான்கு முறை தோலுரித்து முற்றிய புழு மாலை நேரத்தில் அடிமரத்துக்கு இறங்கும். தேர்ந்தவர்கள் அதை எடுத்து மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தால் கூடு கட்டத் தயாராகிவிட்டது என்று பொருள். உலர்ந்த மா, பலா இலைக் கொத்துகளில் அதை விடுவார்கள். இத்தனை நாளும் காகத்தையும் வௌவாலையும் குளவியையும் எறும்பையும் ஊசி ஈயையும் இரவு பகலாக விரட்டுவது வளர்ப்பவரின் வேலை.

மனிதக் கை இவ்வளவு இடங்களில் பட்டும் இந்தப் பூச்சி வீட்டுக்குள் வரவில்லை. காஞ்சிபுரத்துக்கு நூல் தரும் மல்பெரிப் பட்டுப்பூச்சியோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்றாகத் தெரியும். மல்பெரிப் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. தட்டில் இலை போடாவிட்டால் அதன் புழு பட்டினி கிடந்து சாகும். காட்டில் அதற்கு வாழ்வே இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் அதைத் தன் வீட்டுப் பொருளாக மாற்றிக்கொண்டான். முகா பறக்கும். வெயிலும் மழையும் பனியும் அதன் மேல் நேராக விழுகின்றன. மரத்தை அதுவே மேய்கிறது. மனிதன் அதற்குக் காவலன், சுமப்பவன். அதற்கு மேல் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை. இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. மல்பெரி இனங்கள் சிலவற்றின் முட்டை மாதக்கணக்கில் உறங்கும். குளிர்ப்பெட்டியில் வைத்து வேண்டும்போது எடுத்துப் பொரிக்க வைக்கலாம். முகா முட்டைக்கு அப்படி உறக்கம் கிடையாது. இட்ட சில நாட்களில் பொரித்துவிடும். அதனால் ஆண்டுக்கு ஆறு தலைமுறை என்று இடைவெளியில்லாமல் சங்கிலி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஜாருவா, அதையடுத்து சொதுவா, மே–ஜூனில் ஜேதுவா, கோடை மழையில் அஹேருவா, பாதோ மாதத்துப் பொதியா, அக்டோபர்–நவம்பரில் கொதியா. இவற்றில் ஜேதுவாவும் கொதியாவும்தான் நூலுக்கான அறுவடைகள். மற்ற நான்கும் பெரும்பாலும் அடுத்த தலைமுறைக்கு விதை தருவதற்காக. கடும் வெப்பத்திலும் மழையிலும் பொதியா அழிந்துவிட்டால், எல்லா வகையிலும் சிறந்ததான கொதியாவுக்கு விதையே கிடைக்காது.

சங்கிலி எங்காவது அறுந்தால் பழைய வளர்ப்பாளர் என்ன செய்தார்? மலைக்குப் போனார். விதைக்கூடுகளை மேல் அசாமுக்குக் காம்ரூப், கோல்பாரா மலையடிவாரங்களிலிருந்தும் காரோ மலைப் பக்கத்திலிருந்தும் வாங்கிவரும் வழக்கம் இந்தத் தொழிலில் நெடுங்காலமாக உண்டு. ஒரே தோப்பில் ஒரே வழிவந்த பூச்சியைத் தொடர்ந்து வளர்த்தால் அது நலிந்துபோகும் என்பது அவர்களின் பட்டறிவு. மலையடிவாரத்தில் காடும் தோப்பும் கலந்து கிடந்தன. காட்டுக் கூடும் வளர்ப்புக் கூடும் ஒரே சந்தைக்கு வந்தன. பெண்பூச்சி விடும் மணத்தைத் தொலைவிலிருந்தே உணர்ந்து வரக்கூடியவை இந்தக் குடும்பத்து ஆண்பூச்சிகள். அருகே காடு இருந்த இடங்களில் காட்டு ஆண் தோப்புக்குள் வருவதைத் தடுக்க எதுவும் இல்லை. மரபணு என்ற சொல்லை அறியாமலே, தோப்புப் பூச்சிக்குள் காட்டு இரத்தத்தைக் கலந்துகொண்டே இருந்தது இந்த விதை வணிகம். தொழிலின் வரலாற்றை எழுதுபவர்கள் அரசர்களையும் நெசவையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கூடைகளில் விதைக்கூடு சுமந்து மலையடிவாரத்திலிருந்து சமவெளிக்கு இறங்கி வந்தவர்கள் அந்தப் பக்கங்களில் அரிதாகவே இடம்பெறுகிறார்கள். முகா அழியாமல் வந்ததற்கு அரச ஆதரவைவிட அவர்கள் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

பர்மியப் படையெடுப்புகளால் மக்கள்தொகை குலைந்துபோயிருந்த அசாம், 1826இல் யந்தபூ உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பதினோரு ஆண்டு கழித்து, 1837இல், வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இந்தப் பூச்சி இருமுறை பேசப்பட்டது. பிராகாவில் பிறந்த இயற்கையியலாளர் யோகான் வில்லெல்ம் ஹெல்பர் அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். இன்று அது ஆந்தெரியா அசாமென்சிஸ். நவ்கோங்கில் பணியாற்றிய தாமஸ் ஹியூகன் என்ற அலுவலர் அசாமின் பட்டுப்புழுக்களையும் வளர்ப்பு முறையையும் நேரில் கண்டு எழுதினார். கவனம் கிடைத்த அதே நேரத்தில் நிலம் கைமாறத் தொடங்கியது. 1838இல் தரிசு நில விதிகள் வந்தன. 1839இல் தேயிலைக்கென்று அசாம் கம்பெனி தொடங்கியது. வெள்ளம் ஏறாத மேட்டு நிலங்கள் தேயிலைக்குப் போயின. சோம் மரம் விரும்புவதும் அப்படிப்பட்ட, நீர் தேங்காத மண்ணைத்தான். குடியானவன் தோப்பாகவும் காட்டோரமாகவும் பயன்படுத்திய நிலம் அரசின் பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்டது. தரிசு என்று எழுதியதை விற்க ஒரு கையெழுத்துப் போதும்.

முகாவைப் பெருந்தொழிலாக்க ஆங்கில முதலீடு ஏன் வரவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவின் பட்டுப் பண்ணைகளைப் பெப்ரின் என்ற நோய் அழித்தது. லூயி பாஸ்டர் 1865இலிருந்து சில ஆண்டுகள் தெற்கு பிரான்சில் அதை ஆராய்ந்து, முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோயுள்ள தாயின் முட்டைகளை அழித்துவிடும் முறையை வகுத்தார். மல்பெரிப் பட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தியக் காட்டுப் பட்டுகளின் மேல் ஐரோப்பாவுக்கு ஆவல் பிறந்தது. ஆங்கிலச் சாயத்தொழிலர் தாமஸ் வார்டில் டசர் பட்டுக்குச் சாயமேற்றும் வழி கண்டு அதற்குச் சந்தை திறந்தார். முகாவோ சாயத்தைத் தேடாத நூல். அதன் பொன்னிறமே அதன் விலை. ஆனால் அது தொழிற்சாலைக்கு ஒத்துவரவில்லை. மரத்தில் வளரும் புழுவைக் கூலியாள் வைத்துக் காவல் காப்பது கட்டுப்படியாகாது. குடும்பமே தோப்பில் காத்துக் கிடந்தால்தான் விளையும். அதனால் முகா குடியானவர் கையிலேயே தங்கியது. பூச்சி பிழைத்ததற்கு இது ஒரு காரணம். பண்ணை முதலாளி ஒருவர் கைக்குப் போயிருந்தால் ஒரே வகையை ஒரே இடத்தில் பெருக்கும் வேலை நூறாண்டு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் அழுத்தம் பல பக்கங்களிலிருந்து வந்தது. 1950 ஆகஸ்ட் 15 அன்று நடந்த பெரும் நிலநடுக்கம் மலைச்சரிவுகளைப் பெயர்த்து ஆற்றில் கொட்டியது. பிரம்மபுத்திராவின் படுகை மேடேறி, கரையரிப்பு கடுமையானது. 1950க்குப் பின் மாநிலம் ஆற்றுக்கு இழந்த நிலம் 4.27 லட்சம் ஹெக்டேருக்கு மேல் என்பது அரசின் கணக்கு. முகாவுக்குப் பேர்போன லக்கிம்பூர், தேமாஜி மாவட்டங்கள் வெள்ளமும் மணலும் அடிக்கடி மூடும் வடகரையில் இருக்கின்றன. தென்கரையில் சிவசாகர், திப்ருகர் பக்கம் எண்ணெய் வயல்கள். எரியும் வாயுச் சுடரின் அருகே புழு தேறுவதில்லை என்பது வளர்ப்பவர்களின் நெடுநாள் முறையீடு. பிறகு வந்தது சிறு தேயிலைத் தோட்டம். கம்பெனிகளின் தோட்டத்தோடு நின்றிருந்த தேயிலை, கடந்த நாற்பது ஆண்டுகளில் வீட்டுக் கொல்லை வரை வந்துவிட்டது. அசாம் தேயிலையில் இன்று ஏறத்தாழ பாதி சிறு விவசாயிகளிடமிருந்து வருகிறது. அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. மாதந்தோறும் இலை பறித்து விற்றால் காசு. முகாவிலோ ஒரு மழை, ஒரு நோய், ஒரு கூட்டம் குளவி வந்தால் இரண்டு மாத உழைப்பு போய்விடும். ஆனால் தேயிலைக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து காற்றில் பக்கத்துச் சோம் மரத்திலும் படிகிறது. தின்னும் இலையெல்லாம் திறந்த வெளியில் இருக்கும் புழுவுக்கு ஒளிய இடமில்லை. தோப்புக்கும் காட்டுக்கும் நடுவில் இருந்த கலப்பு நிலம் இப்படித்தான் துண்டு துண்டாகப் போனது. அதோடு காட்டு ஆண்பூச்சி தோப்புக்கு வந்த வழியும் அடைபட்டது.

அடைபட்டது என்று நான் ஊகமாகச் சொல்லவில்லை. 2012இல் ஐதராபாத்தின் மரபணு ரேகை ஆய்வு மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் ஆறு இடத்துக் கூட்டங்களிலிருந்து 97 முகாப் பூச்சிகளை எடுத்து, 13 மரபணு அடையாளங்களைக் கொண்டு ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டார்கள். வடகிழக்கின் அரசியல் கொந்தளிப்பால் அதுவரை காட்டுவாழிடங்களுக்குள் போய்ப் பூச்சி சேகரிப்பதே அரிதாக இருந்தது. முடிவு தெளிவாக வந்தது. மேகாலயாவின் மேற்குக் காரோ மலையிலிருந்து வந்த ஒரு கூட்டம் மட்டும் மரபு வளத்தில் தனித்து நின்றது. அதை ஒதுக்கிவிட்டு மற்ற ஐந்தைப் பார்த்தபோது வேறுபாடு என்று சொல்லத்தக்கது எதுவும் தெரியவில்லை. ஐந்தும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவையாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதாவது, இன்று பள்ளத்தாக்கில் பெருகும் கோடிக்கணக்கான பூச்சிகள் மரபின் கணக்கில் ஒரு சிறு குடும்பம். இனத்தின் உண்மையான செல்வம் ஒரு மலையின் ஒரு பக்கத்தில் கிடக்கிறது. 97 பூச்சிகள் குறைவான எண்ணிக்கை என்று சொல்லலாம், சரிதான். இன்னும் அகலமாகச் சேகரித்தால் வேறு வளமான கூட்டங்களும் அகப்படலாம். அப்படி அகப்பட்டால் அவையும் காட்டில்தான் அகப்படும் என்பதால் என் வாதம் அதனால் தளராது.

மரபுவளம் குறைந்தால் நடைமுறையில் என்ன நட்டம்? பெப்ரின் தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும். பாஸ்டரின் சோதனை இன்று முகாவுக்கும் நடக்கிறது. அது நோயைத் தேடிக் களையும், பூச்சிக்குத் தாங்கும் வலிமையைத் தராது. அந்த வலிமை கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டிலிருந்து வர வேண்டும். கோடை நீண்டு, மழை தாறுமாறாக வரும் இன்றைய நிலையில் அஹேருவாவும் பொதியாவும் முன்னைவிட அடிக்கடி பொய்க்கின்றன. வெப்பம் தாங்கும் பூச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், தேர்ந்தெடுப்பதற்கு முதலில் வேறுபாடு வேண்டும். இங்கே இன்னொரு தடையும் உண்டு. ஆந்தெரியா பேரினத்து மற்ற பட்டுப்பூச்சிகளை ஒன்றோடொன்று கலந்து மணிப்பூரில் ஓக் டசர் என்ற புது வகையை உருவாக்கினார்கள். முகாவின் குரோமோசோம் எண்ணிக்கை அந்த உறவினங்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழ பாதியோ அதற்கும் குறைவோதான். ஆகவே இதற்கு வெளியிலிருந்து புது இரத்தம் கொண்டுவரும் வாய்ப்பு மிகக் குறைவு. முகாவுக்கு முகாதான் துணை. காட்டு முகாவே அதன் விதைநெல். விதைநெல்லைக் காக்காமல் வயலின் பரப்பைக் கூட்டிக்கொண்டே போவதுபோல் இருக்கிறது, கூடுகளின் எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்து நடக்கும் திட்டங்கள்.

என் கருத்துக்கு எதிராக இரண்டு வாதங்கள் வலுவானவை. முதலாவது, பட்டுத்தொழிலையே குற்றம் சொல்வது. கூட்டுக்குள் உயிரோடிருக்கும் கூட்டுப்புழுவைக் கொன்று நூலெடுக்கும் தொழில் இருக்கும்வரை பூச்சியைக் காப்பதாகப் பேசுவது பொருந்தாது என்பார்கள். உயிரிரக்கத்தோடு எழும் இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் இனம் அழிவதற்கும் தனியுயிர் சாவதற்கும் காரணங்கள் வேறு. கொல்லப்படும் 130 கோடியும் மனிதன் காவல் காத்ததால் பிறந்தவை. இயற்கையில் பறவையும் குளவியும் நோயும் கொண்டுபோகும் பங்கு இதைவிடக் குறைவாக இருக்காது. தொழில் நின்றால் சோம் தோப்புக்கு நிற்கக் காரணமே இல்லாமல் போகும். அடுத்த பருவத்திலேயே அங்கே தேயிலை நாற்று நடப்படும். காட்டோரத்து மரத்தை வெட்டாமல் வைத்திருக்கக் குடியானவனுக்கு இருக்கும் ஒரே பொருளியல் காரணம் முகா. அதை அவனிடமிருந்து பறித்துவிட்டுக் காட்டைக் காப்பாற்றச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. காட்டுக் கூடுகளை வரம்பில்லாமல் பொறுக்கி நூலுக்கு விற்பது மட்டும் நிற்க வேண்டும். அது தொழிலுக்கும் கேடு.

இரண்டாவது வாதம் அறிவியலிலிருந்து வருகிறது. யோர்காட்டை அடுத்த லாதோய்கரில் முகா, எரிப் பட்டுகளுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காட்டுப் பூச்சியைப் பிடித்துவந்து அங்கேயே வளர்த்துக் காப்பாற்றலாமே என்பது. நிலையத்தின் பணி பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உறங்காத முட்டை என்ற உயிரியல் உண்மை இங்கே குறுக்கே நிற்கிறது. நெல் விதையைப்போல் முகாவைக் கிடங்கில் வைக்க முடியாது. காரோ மலைக் கூட்டத்தை நிலையத்தில் காப்பது என்றால் ஆண்டுக்கு ஆறு தலைமுறை, ஒருமுறைகூடத் தவறாமல், மற்ற பூச்சிகளோடு கலந்துவிடாமல், போதுமான எண்ணிக்கையில் வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் தோப்பில் தேறுவது மட்டுமே மிஞ்சும். காலப்போக்கில் அதுவும் தோப்புப் பூச்சியாகிவிடும். காட்டின் நோயும் பகைவரும் குளிரும் தேர்ந்தெடுத்துத் தந்த குணங்களைக் காடு மட்டுமே தக்கவைக்க முடியும். மற்ற ஐந்து கூட்டங்களுக்கு நேர்ந்ததை ஆறாவதற்கும் நேரவிடுவதைக் காப்பு என்று ஏற்க இயலாது.

அப்படியானால் காப்பது யார் பொறுப்பு? இந்திய நிர்வாகத்தில் முகா பட்டு என்ற பெயரில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்திய பட்டு வாரியத்துக்கு உட்பட்டது. வாரியம் ஜவுளி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 2006இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, விற்கப்படும் பட்டுமுட்டையின் தரத்துக்கு விதிகள் கொண்டுவந்தார்கள். நோயற்ற முட்டை என்பதே அதன் அக்கறை. முட்டை எந்த மரபு வழியில் வந்தது என்பதல்ல. 2007இல் அசாமின் முகாப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. டசர் நூலுக்குப் பொன்னிறம் ஏற்றி முகா என்று விற்கும் ஏமாற்றுக்கு எதிராக நெசவாளருக்கு அது தேவையான கவசம், நான் அதை வரவேற்கிறேன். ஆனாலும் அந்தக் கவசம் நூலுக்கும் பெயருக்கும் உரியது. பூச்சிக்கு அதனால் ஒரு மரம்கூட உறுதியாகவில்லை. போதாக்குறைக்கு, குறியீடு அசாமின் பெயரில் இருக்கிறது. மரபுச் செல்வம் எல்லைக்கு அப்பால் மேகாலயாவில் இருக்கிறது. சுற்றுச்சூழல் துறையின் பார்வையோ யானை, காண்டாமிருகம், பறவை, வண்ணத்துப்பூச்சி என்று போகிறது; சந்தையில் கிலோக் கணக்கில் விற்கும் பொருளைத் தரும் அந்துப்பூச்சி அழியக்கூடும் என்ற எண்ணம் அங்கே இயல்பாக எழுவதில்லை. உலக அளவிலும் அழிவுநிலை மதிப்பிடப்பட்ட அந்துப்பூச்சிகள் மொத்த இனங்களில் மிகச் சிறு பகுதியே. பட்டியலில் இல்லாத உயிருக்கு நிதி கேட்பது கடினம்.

காரோ மலையில் காட்டின் பெரும்பகுதி அரசுடையது இல்லை. குலங்களுக்குச் சொந்தமான ஆகிங் நிலம் அது. நோக்மா என்ற குலத்தலைமையின் வழியே அதன் பயன்பாடு முடிவாகிறது. அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப்படி தூராவில் தன்னாட்சி மாவட்டக் குழு இயங்குகிறது. எனவே ஷில்லாங்கிலோ தில்லியிலோ எழுதும் ஆணை அந்தக் காட்டில் எளிதாகச் செல்லாது, செல்லவும் கூடாது. மலைச்சரிவை எரித்துப் பயிரிட்டுப் பின் வளரவிடும் சுழற்சி முன்பு நீண்டதாக இருந்தது. இடைவெளியில் சோவாலு போன்ற மரங்கள் தழைத்துவிடும். சுழற்சி குறுகிக்கொண்டே வந்தது, முந்திரியும் பாக்கும் ரப்பரும் நிலையாக நடப்பட்டன. இலை தரும் மரங்களுக்கு இடம் சுருங்கியது. அதே மலையில் முன்மாதிரிகளும் இருக்கின்றன. நோக்ரெக்கில் காட்டு எலுமிச்சை இனங்களின் மரபைக் காப்பதற்கென்றே தனிக் காப்பிடம் ஒதுக்கினார்கள். 1988இல் அந்த மலை உயிர்க்கோளக் காப்பகமாகி, 2009இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் சேர்ந்தது. சமவெளி ஆரஞ்சுத் தோப்புகளின் நலனுக்காக ஒரு காட்டு மரத்தை மலையில் காக்க வேண்டும் என்று அரசு அங்கே ஏற்றுக்கொண்டது. 2002இல் வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்த சமூகக் காப்பகம் என்ற ஏற்பாட்டின் கீழ், மேற்குக் காரோ மலையின் செல்பால்கிரே ஊரார் ஹூலக் கிப்பன் குரங்குக்காகத் தங்கள் காட்டில் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். நிலம் அவர்களுடையதாகவே இருக்கிறது.

முகாவுக்கும் இதே வழி பொருந்தும். காட்டுப் பூச்சி உறுதியாகத் தென்படும் ஊர்க்காடுகளை அந்தந்த நோக்மாக்களோடு பேசிச் சமூகக் காப்பகமாக்க வேண்டும். அங்கே சோமும் சோவாலுவும் மெஜாங்கரியும் வெட்டப்படாமல் இருக்க வேண்டும். எரிப்பு, பூச்சிமருந்து, வணிகத்துக்கான கூடு பொறுக்கல் மூன்றுக்கும் இடமிருக்கக் கூடாது. அந்த ஊர்களே ஆண்டுதோறும் அளவோடு விதைக்கூடு தரட்டும். முட்டை உற்பத்தி நிலையங்கள் அவற்றை நோய் சோதித்து, தோப்புக் கூட்டங்களுக்குள் முறையாகக் கலக்கட்டும். மலையடிவாரத்துக் கூடைக்காரர்கள் செய்துவந்த வேலையை இனி நுண்ணோக்கியும் பதிவேடும் வைத்துச் செய்வதுதான் இது. விதைக்கூட்டுக்கு நூல்கூட்டைவிடக் கூடுதல் விலை கொடுக்கும் வழக்கம் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது. காட்டு விதைக்கு அதற்கும் மேலான விலை கொடுப்பதே முறை. புவிசார் குறியீட்டு முத்திரையோடு விற்கும் ஒவ்வொரு மேகலா–சாதர் ஆடையின் விலையிலிருந்தும் ஒரு சிறு பங்கு எல்லை கடந்து காரோ மலைக்குப் போக அசாமும் மேகாலயாவும் உடன்படலாம். இரு மாநிலங்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் முயற்சியை மத்திய பட்டு வாரியம் எடுக்கலாம். ஒதுக்க வேண்டிய காடுகள் எவை என்று அறிய, மேற்குக் காரோ மலையில் தொடங்கி மற்ற மலைகளுக்கும் மரம் மரமாக ஒரு கணக்கெடுப்பு நடக்க வேண்டும். குளிர்காலத்தில் கூடு நீண்ட நாள் தங்கும் ஜாருவா பருவமே அதைத் தொடங்க ஏற்ற காலம்.